கொடிமரத்துக்கு மட்டும் நிழல் விழுந்த மதியம்

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் யாராவது கை வைத்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சாதாரணமாகவே கோபக்காரி என்று பெயர் எடுத்தவள்தான். அடுப்படியில் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்தே என் வீட்டுக்காரர் அன்றைய நிலவரத்தைக் கணித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் கிளம்பிவிடுவார். மற்ற கோபமெல்லாம் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆறாது.

தூத்துக்குடியில், கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். வாரம் முழுக்கத் தவளையின் இதயம், அமிலம், காரம், நெம்புகோல் என்று புத்தகத்தில் உள்ளதை நடத்துகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி நாற்பது நிமிடம் மட்டும் எட்டாம் வகுப்புக்கு வானமும் பூமியும் நடத்துவேன். அதற்குப் பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. அமாவாசைக்குக் கடல் ஏன் கூடுதலாக ஏறுகிறது, இங்கே மணி மூன்று அடிக்கும்போது துபாயில் இருக்கும் அப்பாவுக்கு ஏன் ஒன்றரைதான் ஆகிறது, கடற்கரையில் கிடக்கும் சங்கு மலைமேல் எப்படிப் போயிற்று, இப்படி எது வேண்டுமானாலும் பேசலாம். அந்த நாற்பது நிமிடம் இருப்பதால்தான் மற்ற நாலரை நாளும் நான் மனுஷியாக இருக்கிறேன்.

அந்தப் பீரியட் மேல் எங்கள் கணக்கு சாருக்கு ஒரு கண். கயத்தாறிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். சட்டைப்பையில் பேனா இருக்காது, சாக்பீஸ் இருக்கும். எட்டாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கோச்சிங் எடுக்க அந்த நாற்பது நிமிடம் கிடைத்தால் பள்ளிக்கூடத்தையே கரையேற்றிவிடுவேன் என்று ஹெச்.எம். மேடத்திடம் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். என்னைப் பார்த்தால், "என்ன டீச்சர், இன்னைக்கு வானத்துல என்ன சரக்கு எறங்கியிருக்கு?" என்று கேட்பார். பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன்.

அவர் அப்படிக் கேட்பதற்கு நானும்தான் இடம் கொடுத்திருந்தேன். ஒரு சூரிய கிரகணத்துக்கு மொத்தப் பள்ளிக்கூடத்தையும் மைதானத்தில் நிறுத்தினேன். காலையிலிருந்தே மேகம். நானூறு பிள்ளைகளும் கறுப்புக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருட்டைப் பார்த்தார்கள். அடுத்தது, பட்டப்பகலிலேயே வெள்ளி கிரகத்தைப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனேன். அது உண்மை, பார்க்கலாம். எங்கே தேட வேண்டும் என்று கை காட்டினேன். "டீச்சர், அந்தா!" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் கை தட்ட, சத்தம் கேட்டு ஹெச்.எம். வெளியே வந்து, அவரும் பார்த்து, "ஆமா, நல்லா தெரியுதே!" என்று முதல்முறையாக என்னைப் பாராட்டினார். அந்த வெள்ளி கிரகம் மெதுவாக நகர்ந்து வந்து வாட்டர் டேங்கின் ஏணியில் மாட்டிக்கொண்டது. ஜவுளிக்கடைக் கவர். கடைப்பெயர் கூடப் படிக்கும்படி இருந்தது. அதிலிருந்து எனக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கவர் டீச்சர்.

ஆகவே, ஆகஸ்டு மாதக் கடைசியில் நிழல் இல்லா நாள் வருகிறது, அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னபோது எல்லோரும் குனிந்து தங்கள் நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

"நிழல் இல்லா நாளா? அப்படின்னா?" என்றார் ஹெச்.எம்.

சொன்னேன். உச்சி வெயில் என்று தினமும் சொல்லுகிறோமே தவிர, சூரியன் தினமும் நம் உச்சந்தலைக்கு வருவதில்லை. கொஞ்சம் வடக்கே தள்ளிப் போகும், இல்லையென்றால் தெற்கே தள்ளிப் போகும். வடக்கே போகும்போது ஒரு நாள், திரும்பித் தெற்கே வரும்போது ஒரு நாள், ஆக வருஷத்துக்கு இரண்டே நாள்தான் நம் ஊருக்குச் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அந்த ஒரு நிமிடம் நிழலெல்லாம் காலடிக்குள் போய்விடும். டெல்லிக்காரனுக்கு ஆயுசுக்கும் இது கிடைக்காது. ஏப்ரலில் வருவது பரீட்சை நேரம். ஆகஸ்டில் வருவதுதான் நமக்கு.

"அப்ப மத்தியானம் பன்னெண்டு மணிக்கு," என்றார் கணக்கு சார்.

"பன்னெண்டு பதினெட்டுக்கு," என்றேன். "நம்ம கடிகாரம் நம்ம ஊருக்காக ஓடல சார். கிழக்க அலகாபாத் பக்கமா போற ஒரு கோட்டுக்காக ஓடுது. அங்க சூரியன் உச்சிக்கு வந்த பெறகு நம்மகிட்ட வந்து சேர அம்புட்டு நேரம் ஆகும்."

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். "சரி டீச்சர், நடத்துங்க. ஆனா இதுதான் கடைசி. இதுவும் கவுந்துச்சுன்னா வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கணக்கு சாருக்கு. பெறகு எங்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கக் கூடாது."

"சரி," என்றேன். வேறு என்ன சொல்ல? கணக்கு சார் தன் டைரியைத் திறந்து வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் எதையோ எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டைரியைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

ஆத்திரத்தோடேயே உட்கார்ந்து நோட்டீசும் எழுதினேன். "அன்று மதியம் 12.18 மணிக்கு நம் மைதானத்தில் நிற்கும் எதற்கும் நிழல் இருக்காது. பெற்றோரும் வந்து காணலாம்." நேராக நிற்கும் எதற்கும் என்று எழுதியிருக்க வேண்டும். எல்லாம் நேராகத்தானே நிற்கிறது என்ற நினைப்பு.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. வானத்தைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். பதினோரு மணிக்கு மேற்கே ஒரு மேகக் கூட்டம் தலை காட்டியது. "போ, போ, அங்கிட்டே போ," என்று மாட்டை விரட்டுகிற மாதிரி நான் கையை வீசியதை ஏழாம் வகுப்பு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. மேகம் என்ன நினைத்ததோ, கலைந்துபோனது.

பன்னிரண்டு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு கம்பு நட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில், டஸ்டர், கோந்து டப்பா என்று நிற்கக்கூடிய எல்லாம் வெயிலில் வரிசையாக நின்றன. பெற்றோரில் இருபது பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில், சிறிய சிமெண்ட் மேடையில், எங்கள் கொடிமரம்.

அந்தக் கொடிமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹெச்.எம்.மின் அப்பா தோணி வைத்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு அனுப்பியவர். ஒரு தோணியைப் பிரித்தபோது அதன் பாய்மரத்தில் இருபது அடியை அறுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடிமரமாகக் கொடுத்தார். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஹெச்.எம். தினமும் காலையில் ரூமுக்குள் போகுமுன் அந்த மரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவார். அதில் சாய்ந்து நின்ற பிள்ளைகள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

பன்னிரண்டு பத்துக்கு நிழல்கள் விரல் கணக்குக்குக் குறுகிவிட்டன. பிள்ளைகள் குனிந்துகொண்டே கத்தினார்கள். "நாலு வெரக்கட! ரெண்டு! டீச்சர், எனக்கு ஒண்ணுதான்!" பன்னிரண்டு பதினேழு. பதினெட்டு. பாட்டிலுக்கு நிழல் இல்லை. கம்புக்கு நிழல் இல்லை. ஒரு அம்மா தன்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அய்யோ, என் நெழலக் காணோம்!" என்று பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். நானூறு பிள்ளைகளும் குதித்தார்கள். நானும் குதித்தேன். நாற்பத்தாறு வயதில் சேலையோடு மூன்று முறை குதித்தேன். கணக்கு சாரைத் தேடிப் பிடித்து ஒரு பார்வையும் பார்த்தேன்.

அப்போதுதான் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், கொடிமரத்துக்கு மட்டும் நெழல் இருக்கே?"

எல்லோரும் திரும்பினார்கள். சிமெண்ட் மேடையின் மேல், மேற்குப் பக்கமாக, பள்ளிக்கூடத்தைப் பார்த்து, கறுப்பாக ஓர் அடி நீளத்துக்கு நிழல். ஹெச்.எம்.மின் நாற்காலியைச் சரியாக அதன் எதிரில்தான் போட்டிருந்தேன். நல்லபடியாகத் தெரியட்டும் என்று நான் போட்டது. நல்லபடியாகவே தெரிந்தது.

"கவர் டீச்சர்!" என்று பின்னாலிருந்து யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மைதானம் முழுக்கச் சிரிப்பு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மரம் சாஞ்சிருக்கு!" என்று கத்தினேன். "சூரியன் சரியாத்தான் நிக்கு. மரந்தான் கோணலா நிக்கு!"

சிரிப்பு நின்றுவிட்டது. ஹெச்.எம். எழுந்தார். "எது கோணல்?"

"கொடிமரம்."

"எங்க அப்பா வச்ச மரம் கோணலா?"

ஆமாம் என்றால் அப்பா போகிறார், இல்லை என்றால் பீரியட் போகிறது. நான் வாயை மூடியதைப் பார்த்து ஆசிரியர்கள் எல்லோரும் பயந்துபோனார்கள்.

பெற்றோர் கூட்டத்திலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். தோணி கட்டும் தச்சரை எங்கள் பக்கம் ஓடாவி என்பார்கள். இவர் ஓடாவி. எட்டாம் வகுப்பில் இவர் மகள் படிக்கிறாள். "இந்த மரத்த நட்டது நாந்தான்," என்றார்.

"வாங்க, நீங்களே சொல்லுங்க," என்றார் ஹெச்.எம். "மரம் சாஞ்சிருக்குன்னு டீச்சர் சொல்லுதாவ."

ஓடாவி மரத்தை அண்ணாந்து பார்த்தார். கையால் தடவினார். "சாஞ்சுதாம்மா இருக்கு. சாச்சுத்தான வச்சேன்?"

ஹெச்.எம். மரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய்மரத்த எவனாவது நேரா நிப்பாட்டுவானா? உங்க அப்பா கூப்புட்டு, ஏலே, இந்த மரத்த நடுன்னாக. நட்டேன். பள்ளிக்கூடம் கெழக்க கடலப் பாத்து நிக்கு. அப்ப அதான அணியம், தோணிக்கு மூக்குப் பக்கம். மரம் பின்னால சாயணும். மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்கும்போது முன்னால தள்ளும்லா, அதத் தாங்கணும்லா?" என்றவர், என் பக்கம் திரும்பி, "நேரா நிக்கதுக்கு அது என்ன லைட் கம்பமா?" என்றார்.

இருபது வருஷமாக இதை ஏன் யாருமே கவனிக்கவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. இந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த பாய்மரம் எல்லாம் ஒரு தினுசாகப் பின்னால் சாய்ந்தே நிற்கும். ஆகவே இது அவர்கள் கண்ணுக்கு ஒழுங்காக நின்றது. நேராக நின்றிருந்தால்தான் யாராவது என்ன கோளாறு என்று கேட்டிருப்பார்கள். நானோ சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்; நேராக நிற்கும் பனையைப் பார்த்து வளர்ந்த என் கண்ணையாவது இது உறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மேலே வானத்தைப் பார்ப்பதற்கே நேரம் போதாத எனக்கு மரம் எங்கே கண்ணில் படுகிறது.

ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. மரம் சாஞ்சிருக்கு. எங்க அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்கும், எனக்குத்தான் தெரியல. இருக்கட்டும். ஆனா டீச்சர், நீங்க நோட்டீசுல என்ன போட்டிய? நிக்கிற எதுக்கும் நெழல் இருக்காதுன்னு போட்டிய. இதுக்கு இருக்கு. ஊரக் கூட்டி வச்சு இது மூணாவது தடவ." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் இனி கணக்கு சாருக்கு."

நானூறு பேர் முன்னால். எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரே ஒரு மரத்துக்காகவா என்று நினைத்தேன். துபாய் மணியும் மலைமேல் சங்கும் இனி இல்லை. வெள்ளிக்கிழமையும் இனி மற்ற நாள் மாதிரி நெம்புகோலோடு முடிந்துவிடும்.

கணக்கு சார் சந்தோஷப்படுவதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பினேன். ஆனால் அவர் நின்ற இடத்தில் இல்லை. கொடிமர மேடையில் முழங்காலிட்டு, பன்னிரண்டு அங்குல ஸ்கேலை நிழலின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். "இப்ப ஏழு அங்குலம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "முதல்ல ஓர் அடி இருந்துச்சு."

"சார், பீரியட் உங்களுக்கு," என்றார் ஹெச்.எம்.

"இருங்க மேடம்." சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்த மேடையிலேயே ஒரு முக்கோணம் போட்டார். அந்த மேடையில் உட்கார்ந்ததற்கே பிள்ளைகளை முட்டி போட வைத்தவர் ஹெச்.எம். "மரம் மேக்க சாஞ்சிருக்கு. சூரியனும் மேக்கதான் போகுது. மரம் கை காட்டுத எடத்துக்கு அது வந்துதான ஆகணும்? வந்தா இதுக்கும் நெழல் இருக்காதே!" வேகவேகமாக எழுதினார். "ஒசரம் இருபது அடி. நெழல் ஓர் அடி. சாய்வு ஒரு மூணு டிகிரி வருது." சாக்பீஸ் நின்றது. அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "மூணு டிகிரிய நேரமா மாத்தணும். சூரியன் ஒரு டிகிரி நகர எம்புட்டு நேரம் ஆகும்?"

என்னைத்தான் பார்த்தார். அழுகையை அடக்கிக்கொண்டு நிற்கிறவளிடம் கேட்டால் எப்படி?

"நாலு நிமிஷம் சார்!"

எட்டாம் வகுப்பு. ஒருத்தி இல்லை, இருவர் இல்லை, முழு வகுப்பும், வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி. முன்வரிசையில் நின்ற ஓடாவியின் மகள் அத்தோடு விடவில்லை. "ஒரு நாளைக்கு முந்நூத்தி அறுவது டிகிரி சுத்துது சார். அப்ப ஒரு மணிக்குப் பதினஞ்சு. அப்ப ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம். அதான் துபாயில ஒன்றர மணி நேரம் பிந்தி," என்றாள். இவள் என் வகுப்பில் டெஸ்க்கில் கன்னத்தை வைத்து, வாய் திறந்து, நன்றாகத் தூங்குகிறவள். அவளைப் பார்த்துப் பார்த்து, நாம் யாருக்காகத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்துகிறோம் என்று எத்தனையோ வெள்ளிக்கிழமை நொந்துபோயிருக்கிறேன்.

"அப்ப பன்னெண்டு நிமிஷம்," என்றார் கணக்கு சார். "பன்னெண்டு முப்பதுக்கு இந்த மரத்துக்கு நெழல் இருக்காது மேடம்." சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது போல என்னைப் பார்த்தார்.

மணி பன்னிரண்டு இருபத்தாறு. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி. ஆயா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, தொங்கும் தண்டவாளத் துண்டின் பக்கத்தில் தயாராக நின்றார். சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசம் வந்தது. அன்றைக்கு முட்டை வேறு. முட்டை போடும் நாளில் மணி அடித்தால் எங்கள் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டத்துக்கு யாரும் குறுக்கே நிற்க முடியாது.

நிழல் நாலு அங்குலம் ஆனது. மூன்று ஆனது. கணக்கு சார் ஸ்கேலை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தார். ஓடாவி, "வா, வா," என்று சூரியனை அழைத்தார். ஹெச்.எம். மேடையின் ஓரத்துக்கே வந்து நின்றார். இரண்டு. ஒன்று. கறுப்புக் கோடு மரத்தின் அடியில் ஒரு பட்டையாக ஒட்டி, பிறகு அதுவும் இல்லை.

டங் டங் டங் என்று மணி அடித்தது. ஒருத்தியும் ஓடவில்லை.

"எனக்கு வந்துட்டு டீச்சர்!" என்று ஒரு பிள்ளை தன் கம்பைக் காட்டினாள். அதன் அடியில், கிழக்கே, இரண்டு விரல் நிழல். பாட்டிலுக்கு வந்துவிட்டது, டஸ்டருக்கு வந்துவிட்டது. மைதானத்தில் இருந்த எல்லாவற்றுக்கும் நிழல் வந்து, அந்த மரத்துக்கு மட்டும் இல்லாமல் இருந்தது. அதற்கப்புறம்தான் சத்தம் கிளம்பியது. துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஹெச்.எம். மரத்தின் மேல் கை வைத்து நின்றார். முகத்தைக் காட்டவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏளா, போய்ச் சாப்புடுங்க, முட்ட ஆறிப்போவும்," என்றார். பிள்ளைகள் பாய்ந்தார்கள். எங்கள் இருவரையும் மட்டும் நிற்கச் சொன்னார்.

"சார், கடைசி பீரியட் உங்களுக்குன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். அதுல மாத்தம் இல்ல."

என் கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது. கணக்கு சாருக்கே சங்கடமாகிவிட்டது. "மேடம், எனக்கு வேண்டாம். டீச்சரே வச்சிக்கிடட்டும்," என்றார்.

"நான் இன்னும் முடிக்கல சார். வெள்ளிக்கிழமை மொத பீரியட் டீச்சருக்கு."

"மொத பீரியட்டா? அது என் கணக்கு பீரியட்லா மேடம்!"

"தெரியும் சார்," என்றார் ஹெச்.எம். "தூங்கி வழியுத நேரத்துலயே பிள்ளைய இம்புட்டுப் படிச்சிருக்குன்னா, முழிச்சிருக்கும்போது படிக்கட்டும்."